நீலத் துளை

மேசையைத் தூக்கக் குனிந்த இரண்டு பேரையும் பூரணி தள்ளாத குறையாக மறித்தாள். குத்துவிளக்கு வைக்க இந்த வீட்டில் வேறு மேசையே இல்லையா? தம்பியின் அறை மேசைதான் வேண்டுமாம். அதற்குள் ஒருவர், மேசைக்குக் கீழே சுவரோடு ஒட்டி நின்ற கம்ப்யூட்டர் பெட்டியைப் பாதி இழுத்துத் திருப்பியும் விட்டார். மேலே நிற்கிற மொனிட்டரையும் தூக்கி ஒரு மூலையில் வைத்தால் போச்சு என்றார் வீரசிங்கம் சித்தப்பா. போச்சுதான். எட்டு மாதம் பாடுபட்டது அவரில்லையே.

"அதிலை ஒருத்தரும் கைவைக்க வேண்டாம். குசினி மேசையை எடுங்கோ."

செத்தவீட்டில் இப்படியும் ஒரு பிடிவாதமா என்பதுபோல் சித்தப்பா பார்த்தார். ஆனால் நின்று கதைக்க நேரமில்லை. நாளைக்கு ஊரடங்கு என்று கதை அடிபட்டதால், காலையில் போன உயிருக்கு அன்று நாலு மணிக்குள் எல்லாம் முடிக்க வேண்டியிருந்தது. குசினி மேசை போனது. சித்தப்பா மட்டும் திரும்பி வந்தார்.

"பிள்ளை, தம்பிக்கு எத்தனை மணிக்குச் சீவன் போனது? ஐயர் கேக்கிறார். ஒன்பதரையோடை திதி மாறுதாம்."

ஒன்பதுக்கும் பத்துக்கும் இடையில் என்றாள். அது காணாது என்றார் அவர். அம்மா கோயிலில் நின்றது சரி, நீ பக்கத்தில்தானே இருந்தாய், கவனிக்கவில்லையா என்று கேட்டார். பக்கத்தில்தான் இருந்தாள். இதே மேசைக்குக் கீழே, அவனுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு.

தம்பி கோணேசுக்கு இருபத்துமூன்று வயது. இருதய வால்வு பழுது. கொழும்பில் ஒப்பரேசனுக்குத் தந்த திகதி, பாதை பூட்டி ஒரு தரம், ஆமியின் பயண பாஸ் கிடைக்காமல் ஒரு தரம் என்று தள்ளித் தள்ளிப் போனது. நெஞ்சு வருத்தம் இல்லாவிட்டாலும் அந்த வயதுப் பெடியன் ஆமியிடம் பிடிபடாமல் லிங்கநகர் ஒழுங்கையைத் தாண்டிப் போகிற காலமா அது? வீட்டுக்குள்ளே இருந்தாவது கார் ஓடிப் பார்க்கிறேன் என்று, கார் ஓட்டப் போட்டி விளையாட்டுக்கென, பாகம் பாகமாக வாங்கி ஒரு கம்ப்யூட்டர் பூட்டத் தொடங்கினான். வாங்க வேண்டிய சாமான்களின் சீட்டை அவன் எழுதிக் கிழித்ததைப் பார்த்தால் கலியாணத்துக்குப் பொம்பிளை பார்க்கிறவன் தோற்றுப்போவான்.

மற்றவர்கள் விலை பார்ப்பார்கள், வேகம் பார்ப்பார்கள். இவன் அதற்கு முதல் சோதனைச் சாவடி பார்த்தான். பவர் சப்ளை பாரம். உள்ளே செம்புக்கட்டி, வெளியே வயர்க்கொத்து, பார்த்தால் குண்டு மாதிரி. எந்த ஆமிக்காரன் விடுவான்? ஆகவே அது டவுனிலே செத்துப்போன கம்ப்யூட்டர் ஒன்றிலிருந்து கழட்டியது. அந்தக் கிழட்டு பவர் சப்ளை தாங்குகிற மாதிரித்தான் மற்றதெல்லாம். மதர்போட் கூறைச்சேலைப் பெட்டி மாதிரி ஒன்றில் மூன்று சேலைக்கு நடுவே வந்தது. புரொசசர், பூரணியோடு கந்தோரில் வேலை செய்யும் றஹ்மாவின் சோற்றுப் பெட்டியில் வந்தது.

கடைசியாக கிராபிக்ஸ் கார்ட். படம் காட்டுவதே அதுதான், அது சரியில்லையென்றால் மற்றதெல்லாம் வெறும் தகரம் என்பான். போன கிழமை கந்தோர் அலுவலாகக் கொழும்புக்குப் போன பூரணியிடம் சீட்டைக் கொடுத்துவிட்டான். சீட்டில் இருந்தது கடையில் இல்லை. வீட்டு ரெலிபோனோ மூன்று நாளாகச் செத்துக் கிடந்தது. ஒரு மணித்தியாலம் அந்தக் கடையில் நின்று, தெரிந்ததும் தெரியாததுமாகக் கேட்டு, கடைசியில் அவளாகவே ஒன்றைத் தெரிந்து வாங்கி வந்தாள்.

இன்று காலை எல்லாம் பூட்டியாயிற்று. காத்தாடி சுற்றியது. மொனிட்டர் கறுப்பாகவே இருந்தது. மூன்று தலையணையில் சாய்ந்து கிடந்தவன் சொன்னான்:

"அக்கா, நீங்கள் பிழையானதை வாங்கிக்கொண்டு வந்திட்டீங்கள்."

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "இனிமேல் என்னட்டை ஒண்டும் கேக்காதை."

பிறகு மொனிட்டர் கேபிளை ஒருக்கால் கழட்டிப் பூட்டச் சொன்னான். பின்பக்கத்தில், நீலத் துளையில். டோர்ச்சோடு மேசைக்குக் கீழே புகுந்தாள். கழட்டினாள், பூட்டினாள், மூன்று தரம். பூட்டப் பூட்ட வாயும் ஓயவில்லை. கொழும்பில் பட்ட வெயில், பஸ்ஸிலிருந்து ஏழு இடத்தில் இறங்கி ஏறியது, எல்லாவற்றையும் சொல்லிக் கொட்டினாள். அவன் பதில் சொல்லவில்லை. கோபம் வந்தால் வாய் திறக்காத பிறவி அவன். ஊமையாக இருந்து காரியம் சாதிக்க நினைக்காதே என்றும் கீழே இருந்தபடியே ஏசினாள். எந்தப் பேச்சுக்கும் எந்தப் பேச்சுக்கும் நடுவில் அவன் போனானோ, அவளுக்குத் தெரியாது.

மூன்றரைக்குப் பறை பலத்தது. சித்தப்பா கொள்ளிச்சட்டியோடு முன்னே நடக்க, ஆம்பிளைகள் தூக்கிக்கொண்டு போனார்கள். பொம்பிளைகள் வாசல் படலையோடு நின்றுவிட்டார்கள். அம்மாவை றஹ்மா இரண்டு கையாலும் பிடித்திருந்தாள். பறைச்சத்தம் சந்தி திரும்பியதும் பெண்டுகள் வாளியும் விளக்குமாறும் எடுத்தார்கள்.

பூரணி அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது. ஒரு பழியைத் தலையில் கட்டிவிட்டு, மறுமொழி கேட்காமல் போகிறதும் ஒரு போக்கா?

கட்டில் விளிம்பில் இருந்தபோதுதான் கண்டாள். திருப்பிவிட்ட பெட்டியின் முதுகு இப்போது யன்னல் வெளிச்சத்தைப் பார்த்து நின்றது. மேலே, மதர்போட்டில் ஒரு நீலத் துளை. கேபிள் அதில்தான் இறுகப் பூட்டியிருந்தது. ஒரு சாண் கீழே, அவள் வாங்கிவந்த கார்ட்டில், இன்னொரு நீலத் துளை. படம் வரவேண்டிய அது சும்மா இருந்தது.

நீலம் என்றான். டோர்ச் வெளிச்சத்தில் முதல் பட்ட நீலத்தில் அவள் பூட்டினாள். கட்டிலில் கிடந்தவனுக்குப் பின்பக்கம் தெரியாது. இரண்டு இருக்கிறதென்று அவன் சொல்லவில்லை, அவளும் பார்க்கவில்லை.

கேபிளைக் கழட்டிக் கீழே பூட்டினாள். சுவிட்சை அழுத்தினாள். காத்தாடி சுற்றியது. மொனிட்டர் ஒருதரம் கண்வெட்டி, கறுப்பில் வெள்ளை எழுத்துகளைக் கொண்டுவந்தது. முதல் வரியிலேயே கார்ட்டின் பெயர்.

"சரியான கார்ட்தானடா," என்றாள், தலையணைகளைப் பார்த்து.

எழுத்துகள் ஓடி ஒரு வரியில் நின்றன. கந்தோரில் பழகிய இங்கிலீசு அதற்குக் காணும். திகதியும் நேரமும் வைக்கவில்லை, வைத்துவிட்டுத் தொடரவும் என்று கேட்டது. வருடம் அடித்தாள், இரண்டாயிரத்து ஏழு. மாதம் அடித்தாள். இன்றைய திகதியை அடித்தாள். அடுத்தது மணி.

ஒன்பது என்று அடித்தாள். நிமிட இடத்தில் சின்னக் கோடு மின்னிக்கொண்டு நின்றது.

குளிக்க வரச்சொல்லி வெளியே யாரோ கூப்பிட்டார்கள். வீடு கழுவிய தண்ணீர் கதவுக்குக் கீழால் உள்ளே வந்து, மேசைப் பக்கம் ஓடியது. பூரணி குனிந்து, நிலத்தில் கிடந்த வயர்களையெல்லாம் அள்ளித் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.