பத்தாவது ஆள்

பார்க்கின் வெப்சைட்டில் சாப்பாட்டுக்கு ஆளுக்கு எண்ணூற்றுத் தொண்ணூற்றொன்பது ரூபாய் என்று போட்டிருந்தது. பத்துப் பேர் சேர்ந்து முன்கூட்டியே கட்டினால் அறுநூற்றைம்பதுதான். மத்தியானம் கோழி மந்தி என்ற அரபுச் சோறு, ஐந்து பேருக்கு ஒரு பெரிய தாம்பாளம் என்று இரண்டு தாம்பாளம். சாயங்காலம் டீயும் பஜ்ஜியும். நாள் முழுக்கக் குடிதண்ணீர். வெளிச்சாப்பாட்டை உள்ளே விடமாட்டார்கள். உள்ளே போய்த் தனியாக வாங்கினால் ஒரு தயிர்சாதமே இருநூறு ரூபாய் என்று போன வருஷம் போய்வந்த, கூட வேலைசெய்யும் மமதா சொன்னாள்.

ரூபினி மூன்று நாள் இதையே யோசித்துக்கொண்டிருந்தாள். பெங்களூரை ஒட்டிய பொம்மசந்திராவில் வண்டிகளுக்கு வயர் கட்டிக்கொடுக்கும் கம்பெனியில் அவள் மூன்றாவது லைனுக்கு லீடர். வருஷத்துக்கொருமுறை போகும் அவுட்டிங்குக்கு பஸ்ஸும் நுழைவுச்சீட்டும் கம்பெனி செலவு. சாப்பாடு மட்டும் அவரவர் பாடு. காலையில் எட்டு மணிக்கு உள்ளே போனால் சாயங்காலம் ஆறுவரை தண்ணீரிலும் வெயிலிலும் ஆடவேண்டும். பசிக்காமலா இருக்கும். கட்டிவிடுவதுதான் புத்திசாலித்தனம் என்று அவளுக்குத் தோன்றியது. லைனில் அவளோடு சேர்த்து ஒன்பது பேர் ஆனார்கள். பத்தாவதாக மிச்சம் இருந்தது சங்கமித்ரா ஒருத்திதான்.

"அவளையா சேக்கப்போற?" என்றாள் பாமா. லைனில் அவள்தான் சீனியர். ஓசூர்ப் பக்கத்துக்காரி. அவள் சிரித்தால் மற்றவர்களும் சிரிப்பார்கள். "மந்தின்னா எல்லாரும் ஒரே தட்டுல கை வெக்கணும். தெரியும்ல?"

"பத்துப் பேர் ஆகலன்னா ஆளுக்கு இருநூத்தம்பது ஜாஸ்தி ஆவும்க்கா."

"துட்டு சரி. தட்டு?"

"அத அங்க போய் நான் பாத்துக்கறேன்" என்றாள் ரூபினி.

பாமா என்ன கேட்கிறாள் என்பது ரூபினிக்குத் தெரியும். சங்கமித்ரா என்ற பௌத்தப் பேரைக் கேட்ட முதல் நாளே பாமா ஜாதியைக் கணக்குப் போட்டுவிட்டாள். இரண்டு வருஷமாக அந்தப் பெண் கேண்டீனில் நீள மேஜையின் கடைசியில் உட்கார்ந்துதான் சாப்பிடுகிறாள். யாரும் அவளைப் போகச் சொன்னதில்லை. அவள் வந்து உட்கார்ந்தால் பக்கத்தில் இருப்பவர்களுக்குச் சாப்பாடு முடிந்துவிடும், அவ்வளவுதான்.

பாமாவுக்குத் தெரியாத ஒன்று இருந்தது. ரூபினியும் அதே ஜாதிதான். ஊரும் அதே கோலார் தங்கவயல், அதே மாரிக்குப்பம். அவள் அப்பா ஜெயவேலு சுரங்கத்தில் இருபத்தேழு வருஷம் இறங்கி ஏறியவர். புத்த பூர்ணிமாவுக்கு விஹாரத்தில் மைக் பிடித்துப் பேசுவார். சங்கமித்ரா சின்னப் பெண்ணாக முன்வரிசையில் உட்கார்ந்து அதைக் கேட்டிருக்கிறாள். ஆனால் கம்பெனியில் சேர்ந்த புதிதில் பாமா ஊர் விசாரித்தபோது, வேலூர்ப் பக்கம், முதலியார் என்று ரூபினி சொல்லிவிட்டாள். வாயில் வந்துவிட்டது. அப்புறம் அதைக் காப்பாற்றுவதே ஒரு வேலையாகிவிட்டது. மகள் பிறந்தநாளுக்கு லைன் ஆட்கள் ஆனேக்கல்லில் இருந்த அவள் வீட்டுக்கு வந்தபோது, ஹாலில் மாட்டியிருந்த அம்பேத்கர் படத்தைக் கழற்றி பீரோவுக்குள் புடவைகளுக்கு அடியில் வைத்தாள். புத்தரை விட்டுவிட்டாள். புத்தர் அழகுக்கென்று எல்லார் வீட்டிலும்தான் இருக்கிறார்.

சங்கமித்ரா வேலைக்குச் சேர்ந்த அன்றைக்கு ரூபினி அவளைப் பார்த்ததும் பின்னாலேயே போனாள். கை கழுவும் இடத்தில் மடக்கி, "ஊர்ல தெரிஞ்சவங்கன்னு இங்க யார்கிட்டயும் சொல்லிக்காத" என்றாள். அந்தப் பெண் ஏன் என்று கேட்கவில்லை. "சரிக்கா" என்றாள். இரண்டு வருஷமாகச் சொல்லவும் இல்லை.

அவளிடம் போய் ரூபினி சாப்பாட்டுப் பேச்சை எடுத்தாள்.

"எனக்கு வேணாம்க்கா. காலைல வீட்ல நல்லா துன்னுட்டு வந்துருவேன். சாயந்திரம்தான் திரும்பிடறோமே." சங்கமித்ரா காண்ட்ராக்ட் ஆள். அறுநூற்றைம்பது அவளுக்கு ஒரு நாள் கூலிக்கு மேல்.

"பத்து மணி நேரம் தண்ணியில ஆடிட்டு பட்டினியா கெடப்பியா? எல்லாரும் சாப்புடுவாங்க, நீ வாயப் பாத்துகினு உக்காருவியா?"

"பரவால்லக்கா."

"பாரு, நீ வந்தாதான் பத்து. லைன்ல எல்லாரும் ஒண்ணா உக்காந்து சாப்புடலாம்னுதான் இத எடுக்கறதே. நீ இல்லன்னா நல்லா இருக்காது."

ஒண்ணா என்ற சொல்லைக் கேட்டு சங்கமித்ரா தலைநிமிர்ந்து பார்த்தாள். "பாமாக்காவும் சொன்னாங்களா?"

"அவங்கதான் கேக்கச் சொன்னாங்க" என்றாள் ரூபினி.

அந்தப் பெண்ணின் முகம் மலர்ந்ததை ரூபினி நன்றாகப் பார்த்தாள். சங்கமித்ரா அங்கேயே போனை எடுத்துப் பணத்தை அனுப்பினாள். வேலைக்குத் திரும்பும்போது, "மந்தி நான் சாப்புட்டதே இல்லக்கா" என்றாள்.

அவுட்டிங் ஞாயிற்றுக்கிழமை. கனகபுரா ரோட்டில் ஊர் தாண்டிப் புதிதாக வந்திருந்த பார்க். வாசலில் பத்துப் பேர் கையிலும் பச்சை நாடா கட்டினார்கள். காலை முழுக்க நன்றாகவே போயிற்று. அலைக்குளத்தில் எல்லோரும் கை கோத்து நின்றார்கள். ஒருமுறை அலை தூக்கியபோது பாமா சங்கமித்ராவின் தோளைப் பிடித்துக்கொண்டாள். பெரிய நீர்ச்சறுக்கில் சங்கமித்ரா மூன்று தடவை இறங்கினாள். மமதாவின் பயத்தைப் பார்த்து எல்லோரும் சிரித்தபோது அவளும் சேர்ந்து சிரித்தாள். அதைப் பார்க்கப் பார்க்க ரூபினிக்கு எரிச்சலாக வந்தது. மத்தியானம் நடக்கப்போவது அவளுக்குத்தானே தெரியும்.

ஒரு மணிக்குச் சாப்பாட்டுக் கூடத்துக்குள் போனார்கள். நாடாக்களை ஸ்கேன் செய்து இரண்டு தாம்பாளங்களைக் கொண்டுவந்து வைத்தார்கள். மஞ்சள் சோறு, மேலே முழுக் கால்களாகக் கோழி, வறுத்த வெங்காயம், முந்திரி. ஆவி பறந்தது. முதல் மேஜையில் ஐந்து பேர் மளமளவென்று உட்கார்ந்துவிட்டார்கள். இரண்டாவது மேஜையில் சங்கமித்ரா உட்கார்ந்தாள். ஈர முடியைக் கொண்டை போட்டுக்கொண்டு கை கழுவிவிட்டு வந்திருந்தாள். மமதா உட்காரவில்லை. உஷா உட்காரவில்லை. பாமா நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு ரூபினியைப் பார்த்தாள்.

ரூபினி கவுண்டருக்குப் போய் ஒரு காகிதத் தட்டு வாங்கிவந்தாள். தாம்பாளத்திலிருந்து கரண்டியால் நிறையச் சோறு அள்ளிப் போட்டு, ஒரு முழுக் காலையும் எடுத்து மேலே வைத்தாள். யாரும் குறை சொல்ல முடியாதபடி நிறையத்தான் வைத்தாள்.

"நீ அந்த டேபிள்ல உக்காந்துக்கோ. உனக்குச் சளி புடிச்சிருக்குல்ல."

சங்கமித்ரா நிமிர்ந்து பார்த்தாள். "எனக்குச் சளி இல்லக்கா."

"தொண்ட கட்டியிருக்கு. பேசறப்ப தெரியுது."

"இல்லக்கா. நல்லாத்தான் இருக்கேன்."

பக்கத்து மேஜையில் பேச்சு நின்றுவிட்டது. எல்லோரும் சோற்றைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இந்தப் பெண் எழுந்து போயிருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும். ஒரு சளியைக் காரணமாகக் கொடுத்தால் வாங்கிக்கொண்டு போகத் தெரியவில்லையே என்று கோபம் வந்தது. அவள் குனிந்து மெதுவாகச் சொன்னாள்.

"ஏன் வாயத் தொறந்து சொல்ல வெக்கற? உனக்கே தெரியாதா?"

சங்கமித்ரா தாம்பாளத்தின் பக்கம் இருந்த கையை மடியில் வைத்துக்கொண்டாள். பிறகு அதே மெதுவான குரலில், ரூபினிக்கு மட்டும் கேட்கும்படி, "ஜெயவேலு மாமா நல்லா இருக்காராக்கா?" என்றாள்.

அவள் மிரட்டவில்லை. நிஜமாகவே கேட்பதுபோலத்தான் கேட்டாள்.

"இன்னா சொல்றா?" என்றாள் பாமா.

"ஒண்ணுமில்லக்கா" என்று ரூபினி நிமிர்ந்தாள். குரல் அவளுக்கே அந்நியமாகக் கேட்டது. "கட்டுன துட்ட திருப்பிக் குடுங்கறா."

பாமா சிரித்தாள். கைப்பையைத் திறந்து ஐநூறு ரூபாய்த் தாள் ஒன்றும், ஒரு நூறும், ஒரு ஐம்பதும் எடுத்தாள். "இதுக்குப் போயி மொகத்த இப்படி வெச்சிகினு இருக்கணுமா. இந்தா" என்று காகிதத் தட்டுக்குப் பக்கத்தில் போட்டாள். காற்றாடிக் காற்றில் நூறு ரூபாய்த் தாள் பறந்து தரையில் விழுந்தது. யாரும் குனிந்து எடுக்கவில்லை.

சங்கமித்ரா ரூபினியையே பார்த்துக்கொண்டிருந்தாள். இப்போது அவள் ஒரு வார்த்தை உரக்கச் சொன்னால் போதும். ரூபினி அந்த வார்த்தைக்காகக் காத்திருந்தாள். அது வரவில்லை. சங்கமித்ரா பணத்தையும் தொடவில்லை, தட்டையும் தொடவில்லை. நாற்காலியைச் சத்தமில்லாமல் பின்னுக்குத் தள்ளி எழுந்து கவுண்டருக்குப் போனாள். அங்கே நின்ற பெண்ணிடம் நாடாவைக் காட்டி ஏதோ கேட்டாள். அந்தப் பெண் மெஷினைப் பார்த்துவிட்டுத் தலையாட்டினாள்.

"ஆல்ரெடி ஸ்கேன் ஆகிடுச்சு மேடம். உங்க ஃபுட் அந்த டேபிளுக்கு வந்துடுச்சு."

சங்கமித்ரா வெளியே போய்விட்டாள்.

"போனா போறா, நீ உக்காரு" என்றாள் பாமா. மமதாவும் உஷாவும் உட்கார்ந்தார்கள். ரூபினியும் உட்கார்ந்தாள். ஐந்து பேர் தட்டில் நான்கு பேர். பாமா தன் கையால் கோழியைப் பிய்த்து ரூபினியின் பக்கம் தள்ளிவைத்தாள். "நல்லா சாப்புடு. உன்னாலதான் இவ்ளோ கம்மில கெடச்சுது." ரூபினி சாப்பிட்டாள். ருசியாகவே இருந்தது. தாம்பாளத்தின் நடுவில் எல்லோருடைய விரல்களும் ஒன்றையொன்று இடித்துக்கொண்டன. அவள் விரலைப் பாமாவின் விரல் தொட்டபோதெல்லாம் ஒரு பாதுகாப்பு உணர்ச்சி வந்தது. அதற்காகத் தன்னையே அறைந்துகொள்ளவேண்டும்போலவும் இருந்தது. இரண்டாம் முறையும் சோற்றைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். காகிதத் தட்டில் இருந்த கோழிக்காலை உஷா எடுத்துத் தின்றாள்.

ஆறு மணிவரை சங்கமித்ரா அலைக்குளத்துக்கு எதிரே ஒரு பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். பஜ்ஜிக்கும் வரவில்லை. குழாயில் இரண்டு தடவை தண்ணீர் குடித்ததை ரூபினி பார்த்தாள். திரும்பும் பஸ்ஸில் டிரைவருக்குப் பின்னால் தனியாக உட்கார்ந்து வந்தாள். ரூபினி கடைசி சீட்டில் பாட்டுக்குக் கை தட்டிக்கொண்டு அவள் பின்னந்தலையையே பார்த்துக்கொண்டிருந்தாள். இன்றைக்குச் சொல்லவில்லை. நாளைக்கு? கோபம் வரும் ஒரு நாளில்? இதுவரை அந்தப் பெண்ணின் வாயை நம்பி இருக்க முடிந்தது. இனிமேல் முடியாது. அவளை அப்படி ஆக்கியது தான்தான் என்பதும் ரூபினிக்குத் தெரிந்தே இருந்தது.

அடுத்த வாரத்தில் எச்.ஆர். உமேஷ் கூப்பிட்டனுப்பினார். காண்ட்ராக்ட் புதுப்பிக்கும் சமயம்.

"உங்க லைன்ல ஒரு ஆள் ஜாஸ்தி இருக்கு. ஒருத்தர எடுக்கணும். யாருன்னு நீங்களே சொல்லிடுங்க மேடம்."

காண்ட்ராக்டில் சங்கமித்ராவோடு மூன்று பேர். மற்ற இரண்டு பேரில் உஷா மாதத்துக்கு நான்கு நாள் லீவு போடுபவள். இன்னொருத்தி சோனியா, வந்து ஐந்து மாதம்தான் ஆகிறது, வயர்களை இன்னும் மாற்றிக் கட்டுகிறாள். சங்கமித்ராவின் பேரில் இரண்டு வருஷத்தில் ஒரு பிழைச்சீட்டுகூடக் கிடையாது.

"சங்கமித்ரா" என்றாள் ரூபினி.

உமேஷ் ஆச்சரியத்தோடு பார்த்தார். "அந்தப் பொண்ணு நல்லா வேல செய்யுதே. ஏனு ப்ராப்ளம்?" என்று கன்னடம் கலந்து கேட்டார்.

"வேல பரவால்ல சார். லைன்ல யாரோடயும் ஒத்துப்போகல. எல்லாருக்கும் கஷ்டமா இருக்கு."

அவர் எழுதிக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை சங்கமித்ராவுக்குக் கடைசி நாள். ஷிஃப்ட் முடிய ஒரு மணி நேரம் இருக்கும்போதே அடையாள அட்டையை வாங்கிக்கொண்டு அனுப்பிவிட்டார்கள். வெளியே எடுத்துப்போகும் பொருளுக்கு லைன் லீடர் கையெழுத்துப் போடவேண்டும் என்பதால் ரூபினி கேட்வரை போகவேண்டியிருந்தது. செக்யூரிட்டி பையைக் கொட்டிப் பார்த்தான். டிபன் டப்பா, ஒரு துண்டு, பழைய செருப்பு ஒரு ஜோடி.

சங்கமித்ரா பொருள்களைத் திரும்பப் பையில் போட்டுக்கொண்டே, "நான் யார்கிட்டயும் சொல்லலக்கா" என்றாள். "சொல்லவும் மாட்டேன்."

"தெரியும்."

"அப்புறம் ஏங்க்கா?"

செக்யூரிட்டி நோட்டை நீட்டினான். ரூபினி டப்பா ஒன்று, துண்டு ஒன்று, செருப்பு ஒரு ஜோடி என்று எழுதி, கம்பெனிப் பொருள் எதுவும் இல்லை என்பதற்கு நேராகக் கையெழுத்துப் போட்டாள். மணி பார்த்து நேரத்தையும் எழுதினாள். லைன் ஓடிக்கொண்டிருந்ததால் உடனே திரும்பி உள்ளே போய்விட்டாள்.