மாப்பிள்ளையின் சென்ட்

தனபாலுக்கு முன்னால் அவனுடைய சென்ட் வந்துவிடும். அவன் காரை விட்டு இறங்கி, கண்ணாடியில் முடியைச் சரிசெய்து, ஆபீஸில் நாலு பேருடைய வணக்கத்தை வாங்கிக்கொண்டு நடைவழியில் கால் வைத்ததுமே, கடைசியில் இருக்கும் வெண்ணெய் அறையில் யுவஸ்ரீக்கு வயிற்றைப் புரட்ட ஆரம்பித்துவிடும். அது என்ன வாசனை என்று கேட்டால் அவளால் பிரித்துச் சொல்ல முடியும். அவள் வேலையே அதுதான். அழுகிய பலாச்சுளையைப் பினாயிலில் ஊறப்போட்டு, அதன்மேல் பபுள்கம்மை மென்று துப்பியது போல இருக்கும். அந்தக் கருமம் ஒரு பாட்டில் எட்டாயிரம் ரூபாயாம்.

அவிநாசிக்குச் சற்றுத் தள்ளி, பைபாஸ் ரோட்டை ஒட்டி இருக்கிற நெய்க் கம்பெனி அது. சுற்றுவட்டாரத்து ஊர்களிலிருந்து வெண்ணெய் டின் டின்னாக வந்து இறங்கும். உருக்குவதற்கு முன் ஒவ்வொரு டின்னையும் திறந்து, நீளமான குத்தூசியை அடிவரை இறக்கி எடுத்து, அதில் ஒட்டியிருப்பதைப் புறங்கையில் தேய்த்து மோந்து பார்க்க வேண்டும். கெட்டுப்போன வெண்ணெயில் சிக்கு வாடை வரும். அப்படி ஒரு டின் தெரியாமல் உருக்குகிற கொப்பரைக்குள் போய்விட்டால் மற்ற டின்களும் சேர்ந்து நாசம். பரிசோதிக்க மிஷினும் இருக்கிறது, ஆனால் அது பதில் சொல்ல அரை நாள் எடுத்துக்கொள்ளும். யுவஸ்ரீயின் மூக்குக்கு அரை நிமிடம் போதும்.

வேதியியல் படித்துவிட்டு, லேபில் கண்ணாடிக் குழாய் கழுவ வந்த பெண்தான். மோந்து பார்க்கிற ஆள் ஒருநாள் லீவு போட்டபோது இவளை நிறுத்தினார்கள். அன்றைக்கு இவள் ஒதுக்கி வைத்த ஒரு டின்னை மிஷினும் மதியத்துக்கு மேல் கெட்டது என்று ஒப்புக்கொண்டது. அதிலிருந்து இவளே நிரந்தரமாக நின்றுவிட்டாள், சம்பளம் மட்டும் தற்காலிகம். ஆடி பிறப்பதற்குள் வேலையை நிரந்தரமாக்கி ஆர்டர் தருவதாக முதலாளி தம்பிதுரை வாக்குக் கொடுத்திருந்தார். நாற்பது வருடம் அடுத்தவர் தோட்டத்தில் மண்வெட்டி பிடித்த அவள் அப்பா அங்கப்பனின் வீட்டில், அப்படி ஒரு காகிதம் இதுவரை யார் பெயருக்கும் வந்ததில்லை.

வெண்ணெய் அறைக்குள் பூ கூடாது, பவுடர் கூடாது, வாசனை எண்ணெய் கூடாது, சென்ட் கூடவே கூடாது. இது கம்பெனி ஆரம்பித்த நாளிலிருந்து இருக்கிற கட்டுப்பாடு. பெண்கள் தலைப்பூவைக் கழற்றி வெளியே வைத்துவிட்டுத்தான் உள்ளே வருவார்கள். யுவஸ்ரீ இன்னும் ஒரு படி மேலே போய், வாசனை சோப்பையே விட்டு, சீயக்காயும் பயத்தமாவும் போட்டுக் குளித்தாள். டின் தூக்கித் திறந்து கொடுக்கிற பழனியாத்தாள் வெற்றிலை போடுவதை நிறுத்திவிட்டாள். இத்தனை பேர் கட்டுப்பாட்டோடு காத்த அறைக்குள், போன சித்திரையில் தனபால் வந்தான். தம்பிதுரையின் ஒரே மகள் ரித்திகாவைக் கட்டியவன். வந்ததும் மேனேஜர் நாற்காலி, அதோடு இந்த வாசனையும்.

முதல் நாளே நேராகச் சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். ஆனால் இந்தப் பக்கத்து ஆட்களுக்கு ஒரு வியாதி உண்டு. எதிரில் நிற்பவர் காலை மிதித்துக்கொண்டிருந்தால்கூட, "பரவால்லீங்க" என்றுதான் சொல்வார்கள். தனபால் அன்றைக்குச் சட்டைக் காலரை இழுத்துவிட்டுக்கொண்டு கேட்டான்.

"ஏன் அம்மணி, வாசம் புடிக்கறதுல நீங்க பெரிய ஆளுன்னு மாமா சொன்னாருங்க. இது எப்படி இருக்குது?"

"நல்லாருக்குதுங்க சார்" என்றாள் யுவஸ்ரீ, மூச்சைப் பிடித்துக்கொண்டு.

அந்த ஒரு வார்த்தைக்கு அவள் மூன்று மாதம் வட்டி கட்டினாள். அவன் வாரத்துக்கு ஒரு பாட்டில் மாற்றினான். ஒவ்வொன்றையும் அடித்துக்கொண்டு முதலில் அவளிடம்தான் வந்து நிற்பான். அவள் ஒவ்வொரு தடவையும் நல்லாருக்குதுங்க என்பாள். ஒருநாள் கொஞ்சம் ஜாஸ்தியாகவே பொய் சொல்லி, "நொம்ப நல்லாருக்குதுங்க" என்றுவிட்டாள். மறுநாளிலிருந்து அவன் கழுத்தில் ஒன்று, சட்டையில் ஒன்று என்று இரண்டு வகை அடித்துக்கொண்டு வந்தான். வெண்ணெய் இளகாமல் இருக்கக் குளிரூட்டி, கதவு சாத்திய அறை அது. அவன் போய் ஒரு மணி நேரம் ஆனாலும் வாசனை போகாது. நாக்கில் ஒட்டும். மதியம் டப்பாவைத் திறந்தால் தயிர்சாதத்திலும் அவன்தான் வருவான். இரண்டு தடவை பாத்ரூமுக்கு ஓடிப் போய் வாந்தி எடுத்தாள். பழனியாத்தாளுக்கு வீசிங் திரும்பிவிட்டது. முந்தானையை மூக்கில் அமுக்கிக்கொண்டு டின் திறப்பாள்.

நடக்க வேண்டியது ஆனி கடைசியில் நடந்தது. மேட்டுப்பாளையத்து ஸ்வீட் கடைக்குப் போன நெய் முழுக்கத் திரும்பி வந்தது. சூடாக இருந்தபோது தெரியாத காறல், ஆறி உறைந்ததும் மேலே வந்துவிட்டது. கெட்ட டின் ஒன்று யுவஸ்ரீயின் மூக்கைத் தாண்டிப் போயிருக்கிறது. எந்த நாள் என்றுகூட அவளுக்குத் தெரியும். தனபால் அவள் தோளுக்குப் பின்னால் நின்றுகொண்டு, அரை மணி நேரம் போனில் பேசிக்கொண்டிருந்த நாள் அது.

"மூக்கு போச்சாட்ட இருக்குதுங்க" என்றான் தனபால், எல்லார் முன்னாலும், சிரித்துக்கொண்டே. "நாளைக்கு மாமா வந்து ஒரு டெஸ்ட் வெப்பாருங்க. தேறலீன்னா பேக்கிங்குக்குப் போயிருங்க அம்மணி. ஆர்டர் விஷயத்தைப் பொறகு பாத்துக்கலாம்."

பொறகு என்றால் இல்லை என்று அர்த்தம். அது அங்கே எல்லாருக்கும் தெரியும்.

அன்று சாயங்காலம் கைகழுவும் இடத்தில் யுவஸ்ரீயும் பழனியாத்தாளும் நின்றிருந்தார்கள். ஜன்னலுக்கு வெளியே, கார் அருகில் நின்று தனபால் யாரோ நண்பனிடம் போனில் பேசிக்கொண்டிருந்தான். காதைத் தீட்ட வேண்டிய அவசியமே இல்லை, அவ்வளவு சத்தம்.

"அட, அந்த ரூமுக்குள்ள போறதுன்னா ரெண்டு தடவ அடிச்சுட்டுத்தான் போவேன் மாப்ள. வெண்ணெ வாசங் கெடக்குது, அது பரவால்ல. உள்ள நிக்கறதெல்லாம் காலனி ஆளுக. எப்படி மூச்சு உடறது, சொல்லு."

யுவஸ்ரீயின் கையில் தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது. பழனியாத்தாள்தான் குழாயை மூடினாள்.

"அக்கா, கேட்டீங்களா?"

"எனக்கு மொத நாளே தெரியுங் கண்ணு" என்றாள் பழனியாத்தாள். "நாம டின்ன நீட்டுனா அவரு மூஞ்சி போற போக்கப் பாத்ததில்லையா நீயி? உன்னையக் கஷ்டப்படுத்த வேண்டாமுன்னு கம்முனு இருந்துட்டேன்."

பஸ்ஸில் ஜன்னலோர சீட்டில் உட்கார்ந்திருந்தபோது, யுவஸ்ரீ தன்னையறியாமல் சுடிதார் கையைத் தூக்கி மோந்து பார்த்தாள். பயத்தமாவு, கொஞ்சம் வெண்ணெய், வேறொன்றும் இல்லை. பார்த்த பிறகுதான் என்ன செய்தோம் என்று உறைத்தது. அவன் சொன்னான் என்பதற்காக, தானே தன்னைச் சோதித்துப் பார்த்திருக்கிறாள். அந்த நிமிடத்தில் அவனைவிடத் தன்மேல்தான் அவளுக்கு அருவருப்பாக இருந்தது. இந்த நாற்றத்தைத்தானே மூன்று மாதமாக நல்லாருக்குது, நல்லாருக்குது என்று சொல்லி வளர்த்துவிட்டோம் என்று நினைத்தாள்.

மறுநாள் காலை பத்து மணிக்கு தம்பிதுரை வந்தார். தோளில் வெள்ளைத் துண்டு, அதிர்ந்து பேசாத மனிதர். மேசையில் ஐந்து டின் வரிசையாக வைக்கச் சொன்னார். ஒன்று கெட்டது, எது என்று மிஷின் சொன்ன காகிதம் அவர் பாக்கெட்டில் இருந்தது. தனபால் மேசையை ஒட்டி, கையைக் கட்டிக்கொண்டு நின்றான். பழனியாத்தாள் ஓரமாக நின்று மூடிகளைத் திறந்து வைத்தாள்.

யுவஸ்ரீ முதல் டின்னில் குத்தூசியை இறக்கினாள், புறங்கையில் தேய்த்தாள், மோந்தாள். பலாச்சுளை. இரண்டாவது டின், பினாயில். மூன்றாவது, மறுபடியும் பலாச்சுளை. ஐந்து டின்னிலும் தனபால்தான் இருந்தான். அவளுக்குக் கண்ணில் நீர் கோத்துக்கொண்டது. குத்துமதிப்பாக ஒன்றைக் காட்டிவிடலாமா என்று ஒரு விநாடி தோன்றியது. அஞ்சில் ஒன்று. இல்லாவிட்டால் பேக்கிங்.

குத்தூசியை மேசைமேல் வைத்தாள்.

"முதலாளிங்க, சார் செத்த அக்கட்டால போனாருன்னாத்தான் எனக்கு வாசம் தெரியுமுங்க. சார் போட்டிருக்கற சென்ட்டு வெண்ணெய மறைக்குதுங்க."

தனபால் சிரித்தான். "இது நல்ல கதையாட்டல்ல இருக்குது. ஏனுங்க அம்மணி, மூணு மாசமா நல்லாருக்குதுன்னு நீங்கதானுங்களே சொன்னீங்க? அது பொய்யுங்களா?"

"பொய்தானுங்க."

"கேட்டுக்கோங்க மாமா. பொய் சொல்ற மூக்க நம்பித்தான் நாம கொப்பரைய ஏத்தறோம்."

"நாக்குதானுங்க பொய் சொல்லுச்சு" என்றாள் யுவஸ்ரீ. "மூக்கு சொல்லலீங்க."

தம்பிதுரை தோள் துண்டைச் சரிசெய்துகொண்டார். மாப்பிள்ளையை ஒரு வார்த்தை சொல்வதென்பது அவர் வம்சத்தில் கிடையாது. பெண்ணைக் கொடுத்த அன்றிலிருந்து வாங்க, போங்க, சாப்பிடுங்க, இந்த மூன்றைத் தாண்டி அவனிடம் அவர் பேசியதில்லை. நல்லவேளையாக அவன் போன் அடித்தது. "பேசிப்போட்டு வாரனுங்க மாமா" என்று அவனாகவே வெளியே போனான்.

பழனியாத்தாள் யாரும் சொல்லாமலே ஜன்னலைத் திறந்து, ஃபேனைப் போட்டாள். கால் மணி நேரத்தில் வாசனை கலைந்தது. யுவஸ்ரீ உப்புத்தண்ணீரில் மூக்கையும் கையையும் கழுவிக்கொண்டு வந்தாள். முதல் டின் சுத்தம். இரண்டாவது லேசான புளிப்பு, பாதகமில்லை. மூன்றாவதும் சுத்தம். நான்காவது டின்னில் குத்தூசி வெளியே வரும்போதே, ரொம்ப நாள் பார்க்காத ஆளைப் பார்த்தது போல அந்தச் சிக்கு வாடை மேலேறி வந்தது. கெட்ட வாடைதான். ஆனாலும் அவளுக்கு அழுகை முட்டியது.

"இதுதானுங்க."

தம்பிதுரை காகிதத்தை எடுத்துப் பார்த்து, மடித்து வைத்தார். "செரிதான் அம்மணி" என்றார். பிறகு மேசையைப் பார்த்துக்கொண்டே, "உன்ற மேல தப்பில்ல. ஆனா மாப்பிள்ளைகிட்டப் போயி நான் எப்படிச் சொல்றது? நீயே கொஞ்சம் அனுசரிச்சுப் போயிரு. அவரு வர்றப்ப மட்டும் ஒரு மாஸ்க் போட்டுக்க."

"மாஸ்க் போட்டுக்கிட்டு எப்படிங்க மோந்து பாக்கறது?"

"அதுஞ் செரிதான்" என்றார் அவர். காகிதத்தை எடுத்து இன்னொரு தடவை மடித்தார். இவ்வளவு பெரிய கம்பெனியைக் கட்டி ஆளுகிற மனிதர், ஒரு சென்ட் பாட்டிலுக்கு முன்னால் இப்படி ஒடுங்கி நிற்பதைப் பார்க்க அவளுக்குக் குமட்டியது.

அப்போது தனபால் உள்ளே வந்தான். போன் பேசப் போனவன் காரிலிருந்து வேறொரு பாட்டிலை எடுத்து அடித்துக்கொண்டு வந்திருந்தான். அந்த அறைக்குள் திரும்ப நுழைவதென்றால் அவனுக்கு அது வேண்டும், காரணமும் யுவஸ்ரீக்கு நேற்றே தெரிந்துவிட்டது. புது வாசனை பழைய வாசனையின்மேல் ஏறி, ஃபேன் காற்றில் சுழன்று, எல்லார் முகத்திலும் அப்பியது. பழனியாத்தாளுக்கு இருமல் பிடித்துக்கொண்டது. தனபால் அவளைப் பார்த்து முகத்தைச் சுளித்துக்கொண்டு ஓரடி தள்ளி நின்றான்.

"முடிஞ்சுதுங்களா மாமா?" என்றவன், யுவஸ்ரீ பக்கம் திரும்பினான். வேண்டுமென்றேதான் கேட்டான். "செரி, அது உங்களுக்குப் புடிக்கலீங்க. இது எப்படி இருக்குது? உண்மையவே சொல்லுங்க அம்மணி."

யுவஸ்ரீ அவனை நேராகப் பார்த்தாள்.

"நாறுதுங்க."

குரல் உயரவில்லை. மரியாதையும் குறையவில்லை. தனபாலின் முகத்தில் ரத்தம் ஏறியது. அந்தச் சொல்லை அவன் எத்தனையோ பேரைப் பார்த்து மனசுக்குள் சொல்லியிருப்பான். தன்னைப் பார்த்து ஒருத்தர் சொல்லி அவன் கேட்டதில்லை. மாமனார் பார்த்துக்கொள்வார் என்ற நம்பிக்கையில் அவர் பக்கம் திரும்பினான்.

"அப்படியெல்லாம் ஒண்ணும் இல்லீங்க மாப்ள" என்று சொல்லத்தான் தம்பிதுரை வாயைத் திறந்தார். வந்தது தும்மல். துண்டை எடுப்பதற்குள் இரண்டாவது, பிறகு மூன்றாவது, நான்காவது. கண்ணும் மூக்கும் ஒழுக, மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றார். அதற்கு மேல் நாகரிகம் பார்க்க அவர் உடம்பு இடம் கொடுக்கவில்லை. ஒரு கையால் துண்டை மூக்கில் அமுக்கி, மறு கையால் கதவைக் காட்டினார்.

"மாப்ள, நீங்க இந்த ரூமுக்குள்ள வர வேண்டாமுங்க. வெளிய நில்லுங்க."

பழனியாத்தாள் இருமலை நிறுத்திவிட்டுத் தலையைத் தூக்கிப் பார்த்தாள். அந்த வார்த்தையைச் சிறு வயதிலிருந்து எத்தனையோ வாசல்களில் அவள் கேட்டிருக்கிறாள். இப்படிப்பட்ட ஓர் ஆளைப் பார்த்து ஒருவர் அதைச் சொல்லி அவள் கேட்டது இதுதான் முதல் தடவை.