பச்சை டேப் ஒட்டிய தட்டு

எங்கள் துறையின் பெயர் பலகையில் அடங்காது. 'பள்ளி நூலகவியல் மற்றும் கல்வித் தொழில்நுட்பத் துறை' என்று எழுத வந்த பெயின்டர் 'தொழில்நுட்ப' வரை வந்ததும் பலகை முடிந்துவிட்டது. மிச்சத்தைச் சுவரில் எழுதட்டுமா என்று கேட்டார். நான் பெரிய மனது பண்ணி அப்படியே விடச் சொன்னேன். பதினாறு வருடங்களாக அந்தத் துறைக்கு நான்தான் தலைவர். எனக்குக் கீழே ஒரே ஓர் ஆசிரியர், ராஜவேல். இரண்டு பேர் இருக்கும் இடத்தில் ஒருவர் தலைவராக இருப்பது பெரிய காரியமில்லை. நான் அதையும் கஷ்டப்பட்டுத்தான் செய்தேன்.

பள்ளி நூலகர்களையும், பள்ளியில் கணினியும் ஸ்மார்ட் போர்டும் சொல்லித்தருகிற ஆசிரியர்களையும் பயிற்றுவிப்பது எங்கள் வேலை. நூலகர்களில் மட்டும் முந்நூறு பேரை நான் பயிற்றுவித்திருக்கிறேன். ஆனால் ஒருநாள்கூடப் பள்ளி நூலகத்தில் வேலை பார்த்ததில்லை. இதை யாரும் சுட்டிக்காட்டியதில்லை, என் மனைவி தையல்நாயகியைத் தவிர. அவளுக்கு அந்த உரிமை இருந்தது. நெல்லித்தோப்பில் ஓர் அரசுப் பெண்கள் பள்ளியில் இருபத்தொரு வருடம் நூலகராக இருந்தவள் அவள்.

அரியாங்குப்பத்தில் வீடு. தினமும் காலையில் அவளை ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு பாலம் தாண்டி வந்து, பள்ளி வாசலில் இறக்கிவிட்டு நான் பல்கலைக்கழகம் போவேன். வழியெல்லாம் என் முதுகிடம் பேசிக்கொண்டு வருவாள். எந்தப் பெண் எந்தப் புத்தகத்தைத் திரும்பத் திரும்ப எடுக்கிறாள், எவள் கடைசிப் பக்கத்தை முதலில் படிக்கிறாள், இப்படி. நான் ஹெல்மெட்டுக்குள்ளிருந்து 'ம்' போடுவேன். சிக்னலில் வண்டி நிற்கும்போது திடீரென்று கேட்பாள்: "இப்ப நான் இன்னா சொன்னேன்?" கேட்டுக்கொண்டுதான் வருகிறேன் என்பேன். அதற்குள் பச்சை விழுந்துவிடும்.

அவளுடைய நூலகத்தை ஒரே ஒரு முறை உள்ளே போய்ப் பார்த்தேன். பார்த்து அதிர்ந்துபோனேன். புத்தக முதுகில் எண் இல்லை. எலக்ட்ரிகல் கடையில் விற்கிற இன்சுலேஷன் டேப்பை வாங்கி, சிவப்பு, மஞ்சள், நீலம், கறுப்பு, வெள்ளை, பச்சை என்று துண்டு துண்டாக ஒட்டியிருந்தாள். அறிவியலும் கதையும் ஒரே தட்டில் தோளோடு தோள் நின்றன. புத்தகங்களைப் பொருள்வாரியாகப் பிரிக்கும் தசம எண் முறையை வருடாவருடம் கரும்பலகையில் எழுதிக் கை ஒடிகிற ஒருவனுடைய மனைவி செய்கிற காரியமா இது என்று அன்று மாலை முழுவதும் பேசினேன்.

"நீங்க நம்பர் போட்டுக்குங்க. எம் பொண்ணுங்க வந்து, மிஸ், எண்ணூத்தி இருவத்திமூணு குடுங்கன்னா கேக்குதுங்க?" என்றாள் தையல்நாயகி. "அதுங்க கேக்கறது வேற."

வேறு என்ன கேட்கிறார்கள் என்று நான் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. ஒரு கட்டுரை எழுதிக்கொண்டிருந்தேன். பள்ளி நூலகங்களில் வாசகர் தேவையை அறிதல் என்பது அதன் தலைப்பு.

போன வருடத்திற்கு முந்தின அக்டோபரில் அவள் இறந்துபோனாள். சாதாரணக் காய்ச்சல் என்று ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். பதினோரு நாள். அதற்கு மேல் அதைப் பற்றி எழுத என்னிடம் எதுவுமில்லை.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து துறைக்கு வந்தேன். அவள் பெயரில் ஏதாவது செய்ய வேண்டும் என்று தோன்றிக்கொண்டே இருந்தது. வேறொருவனாக இருந்தால் பள்ளிக்கு ஒரு தண்ணீர் வடிகட்டி வாங்கிக் கொடுத்திருப்பான். நான் நூலகவியல் பேராசிரியன். அந்த வருட மாணவர்களின் களப்பணியை அவள் நூலகத்திலேயே வைத்து, அதை முறைப்படுத்தி, கணினியில் ஏற்றி, 'தையல்நாயகி நினைவு மாதிரி நூலகம்' ஆக்குவது என்று முடிவு செய்தேன். தலைமையாசிரியை கார்குழலி என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சரி என்றார். மறுக்க முடியாத முகம் ஒன்று அப்போது என்னிடம் இருந்தது.

கோடை விடுமுறையில் ஒன்பது நாள். பதினான்கு மாணவர்கள். இரண்டாயிரத்துச் சொச்சம் புத்தகங்கள். எல்லாவற்றிலும் இருந்த டேப்பை உரித்தோம். பசை போகாததற்குப் பெயின்ட் தின்னர் தொட்ட துணியால் துடைத்தோம். நானே உட்கார்ந்து கத்தியால் சுரண்டினேன். துறைத்தலைவர் தரையில் உட்கார்ந்து சுரண்டுகிறாரே என்று மாணவர்கள் நெகிழ்ந்தார்கள். எனக்கும் நெகிழ்ச்சியாகத்தான் இருந்தது. எண், பார்கோடு, தேடும் மென்பொருள், வாசலில் பித்தளைத் தகடு. திறப்பு விழாவில் நான் கண் கலங்கிப் பேசியது துறையின் பிரசுரத்தில் படத்தோடு வந்தது.

ஆகஸ்டில் ஒருநாள் போனேன். நூலகத்தில் விளையாட்டு ஆசிரியை ஒருவர் பொறுப்புக்கு உட்கார்ந்திருந்தார். வருகைப் பதிவேட்டைப் புரட்டினேன். தையல்நாயகி இருந்தபோது நாளுக்கு ஐம்பது, அறுபது கையெழுத்து. இப்போது மூன்று. அந்த மூன்றில் இரண்டு பேர் மின்விசிறிக்காக வருகிறார்கள் என்று விளையாட்டு ஆசிரியை சொன்னார். பொய் சொல்லத் தெரியாதவர்.

மூன்றாவது ஆள் அங்கேயே நின்றிருந்தாள். எட்டாம் வகுப்பு, பூர்ணிமா. என்னிடம் வந்து, "சார், பச்சை எங்க சார்?" என்றாள்.

அப்படியென்றால் என்ன என்று அப்போதாவது கேட்டிருக்கலாம். நான் கணினியில் 'பச்சை' என்று தட்டினேன். கீரை சாகுபடி பற்றி இரண்டு புத்தகமும் கிளி வளர்ப்பு பற்றி ஒன்றும் இருப்பதாக அது சொன்னது. தட்டு எண்ணைக் குறித்துக் கொடுத்தேன். பூர்ணிமா சீட்டை வாங்கி, மரியாதைக்காகக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, மேசையிலேயே வைத்துவிட்டுப் போனாள்.

அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. தையல்நாயகி விட்டுப்போன துணிகள் வீட்டில் இருக்கின்றன, பாத்திரங்கள் இருக்கின்றன. ஆனால் அவள் யோசித்த விதம் இந்த உலகத்தில் ஒரே ஓர் இடத்தில்தான் இருந்தது. அதை நான் தின்னர் போட்டுத் துடைத்து, மேலே அவள் பெயரை எழுதி வைத்திருக்கிறேன்.

திரும்ப வைக்க வேண்டும். எப்படி வைப்பது? எந்தக் கலருக்கு என்ன பொருள் என்று வீட்டில் அவள் எழுதி வைத்த ஒரு துண்டுச் சீட்டுகூட இல்லை. எழுதுவானேன், தினமும் என் முதுகிடம் சொல்லிக்கொண்டுதானே வந்தாள்.

கடைசியில் களப்பணி அறிக்கைகள் ஞாபகம் வந்தன. வேலை தொடங்குமுன் நூலகம் இருந்த நிலையைப் படம் எடுத்து ஒட்ட வேண்டும் என்பது எங்கள் துறையின் விதி. 'முன்' மூன்று படம், 'பின்' மூன்று படம், கூடவும் கூடாது, குறையவும் கூடாது. விதியை வகுத்தவன் நான். பதினான்கு அறிக்கைகளையும் மேசையில் பரப்பி, நாற்பத்திரண்டு 'முன்' படங்களையும் ராஜவேலும் நானும் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தோம். இருபத்தொன்பது படங்களில் தட்டுகளுக்கு முன்னால் நான் நின்றுகொண்டிருந்தேன். துறைத்தலைவர் படத்தில் இருந்தால் மதிப்பெண் கூடும் என்று ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகத் தோன்றியிருக்கிறது.

"கூடவும் செஞ்சிது சார்," என்றார் ராஜவேல். மதிப்பெண் பட்டியல் அவர் கையில் இருந்தது.

அதில் கடைசியாக இருந்தவள் சுடர்விழி. இருபத்தைந்துக்கு ஒன்பது. அவள் அறிக்கையோடு ஒரு பென்டிரைவும் கொடுத்திருந்தாள். அதில் இருநூற்றுப் பன்னிரண்டு 'முன்' படங்கள். அவள் அறிக்கையின் முதல் பக்கத்தில் சிவப்பு மையில் என் கையெழுத்து: 'விதிமீறல். தேவையற்றவை.' பென்டிரைவைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். எடுத்துக்கொண்டுபோய் அழித்துவிடும்படி நானே சொன்னதாக வேறு ராஜவேல் நினைவுபடுத்தினார்.

ஞாயிற்றுக்கிழமை அவள் வீடு தேடிப் பிள்ளைச்சாவடி போனேன். சுடர்விழிக்கு முப்பது வயது இருக்கும். தனியார் பள்ளி ஒன்றில் ஆசிரியை. அப்பா கடலுக்குப் போகிறவர், அம்மா மீன் விற்கிறவர். துறைத்தலைவரே ஸ்கூட்டரில் வந்து வாசலில் நின்றதும், மதிப்பெண்ணில் இன்னும் ஏதாவது குறைக்க வந்திருக்கிறேனோ என்பதுபோல் பார்த்தாள். நாற்காலி போட்டார்கள். டீ வந்தது. நான் வந்த காரியத்தைச் சொன்னேன்.

"அழிச்சிடச் சொன்னீங்களே சார்," என்றாள்.

"சொன்னேன்."

"தேவையில்லாததுன்னு செவப்பு இங்க்ல எழுதினீங்க."

"எழுதினேன்."

"ரெண்டு கோடு வேற போட்டீங்க." சுடர்விழி டீ தம்ளரை வாங்கி வைத்தாள். "அழிக்கல சார். மார்க்குதான் போச்சி, அதுவும் போவணுமா?"

எதற்காக அத்தனை படம் எடுத்தாள் என்று கேட்டேன். அவள் அம்மா பக்கம் கை காட்டினாள். அம்மா கூடையில் மீனை அடுக்கும்போது மீன் பெயரைப் பார்த்து அடுக்குவதில்லையாம், வாங்க வருகிறவர்களைப் பார்த்து அடுக்குவாராம். இந்த நூலகமும் அப்படி இருக்கிறதே என்று சுடர்விழிக்குத் தோன்றியிருக்கிறது. அதனால் டேப் உரிக்குமுன் தட்டு தட்டாகப் படம் எடுத்திருக்கிறாள். விடுமுறையில் பள்ளிக்கு வந்த பெண்களைப் பிடித்து விசாரித்தும் இருக்கிறாள். சிவப்பு, அழுகை வரும் புத்தகம். மஞ்சள், சிரிப்பு. கறுப்பு, பேய். நீலம், ஒரே பீரியடில் படித்து முடிக்கக்கூடியது.

"வெள்ளை?" என்று கேட்டேன்.

அவள் கொஞ்சம் தயங்கினாள். "யாரும் கேக்காதது சார். உங்க புக்கும் அதுல இருந்துச்சி."

உள்ளே அவள் அம்மா சிரித்ததுபோல் இருந்தது. மூன்று பதிப்பு கண்ட புத்தகம் அது. வாங்கியவர்கள் எல்லாரும் என் மாணவர்கள். வாங்காவிட்டால் தேர்வு எழுத முடியாது.

பச்சைக்கு மட்டும் அவளுக்கும் விடை தெரியவில்லை. அந்தத் தட்டுக்கு அவள் வருவதற்குள் நான் அங்கே உட்கார்ந்து சுரண்ட ஆரம்பித்திருந்தேன். அவள் கைப்பேசியில் அந்தப் படத்தைக் காட்டினாள். கட்டம் போட்ட சட்டை, வழுக்கை, கத்தி. முழங்கைக்குக் கீழே பச்சை ஒட்டிய நான்கு புத்தக முதுகுகள் தெரிந்தன. மற்ற எல்லாவற்றையும் என் முதுகு மறைத்திருந்தது.

நான்கு சனிக்கிழமை ஆயிற்று. ராஜவேல் முதலில் கலங்கினார். மாதிரி நூலகம் என்று இந்த வருடப் பிரசுரமும் அச்சுக்குப் போய்விட்டதே என்றார். போகட்டும் என்றேன். பிறகு அவரே எலக்ட்ரிகல் கடைக்குப் போய் ஆறு கலரில் டேப் வாங்கி வந்தார். சுடர்விழி படத்தைப் பார்த்துச் சொல்லச் சொல்ல, பெண்கள் எடுத்து அடுக்கினார்கள். பாதி நேரம் அவர்களுக்குப் படமே தேவைப்படவில்லை. என் எண் சீட்டை உரிக்கவில்லை. அதன் மேலேயே டேப்பை ஒட்டினார்கள். கடைசிச் சனிக்கிழமை எல்லாத் தட்டும் நிறைந்து ஒரு தட்டு மட்டும் ஏறக்குறையக் காலியாக நின்றது. அதில் நான்கு புத்தகங்கள். தரையில் இடம் தெரியாத எழுபது, எண்பது.

பூர்ணிமாவைக் கூப்பிட்டேன். இரண்டு மாதம் தாமதமாக, பச்சை என்றால் என்ன என்று கேட்டேன்.

"மிஸ் படிக்காத புக்கு சார்," என்றாள் பூர்ணிமா. "நாங்க எடுத்துட்டுப் போயி படிச்சிட்டு வந்து மிஸ்ஸுக்குக் கதை சொல்லணும். கேட்டுட்டு, என்ன கலர்னு மிஸ் முடிவு பண்ணி ஒட்டுவாங்க."

அத்தனை புத்தகமா அவள் படிக்காமல் இருந்தாள் என்று கேட்டேன்.

"இல்ல சார். பாதி அவங்க படிச்சதுதான். படிக்காத மாதிரி நடிப்பாங்க. எங்களுக்குத் தெரியும்."

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு கண்ணாடியைத் துடைத்தேன். அந்தப் பெண் நான் துடைத்து முடிக்கிறவரை காத்திருந்தாள். பிறகு கேட்டாள்: "நீங்க இதுல எதெல்லாம் சார் படிச்சிருக்கீங்க?"

தட்டுகளைச் சுற்றிப் பார்த்தேன். ஒவ்வொன்றுக்கும் எண் போட்டது நான். எண் போடுவதற்குத் தலைப்புப் பக்கமும் பொருளடக்கமும் போதும். அதை முந்நூறு பேருக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். வெள்ளைத் தட்டில் இருக்கும் என்னுடையதை மட்டும் படித்திருப்பதாகச் சொன்னேன்.

பூர்ணிமா கையிலிருந்த பச்சை டேப்பையும் என்னையும் தட்டுகளையும் மாறி மாறிப் பார்த்தாள். "அப்ப இது பத்தாது சார்," என்றாள்.

தரையில் கிடந்தவற்றுக்கு மட்டும் முதலில் ஒட்டினோம்.

இந்த வருடக் களப்பணிக்கு விதி மாறியிருக்கிறது. முதல் வாரம் எதையும் தொடக் கூடாது. படம் எத்தனை வேண்டுமானாலும் எடுக்கலாம், துறைத்தலைவர் அதில் இருக்கக் கூடாது. இரண்டாவது பாதியை ராஜவேல் சேர்த்தார், கொஞ்சம் சந்தோஷமாகவே. சுடர்விழியின் ஒன்பதை இருபத்திரண்டாகத் திருத்த எழுதினேன். முடிவு வெளியான பிறகு திருத்த முடியாது என்று பதில் வந்தது. விதி எண்ணையும் குறிப்பிட்டிருந்தார்கள். அதையும் நான் இருந்த குழுதான் வகுத்தது.

புதன்கிழமை மதியம் துறையை ராஜவேலிடம் விட்டுவிட்டு நெல்லித்தோப்புக்குப் போகிறேன். ஹெல்மெட்டைக் கழற்றி மேசை மேல் வைத்துவிட்டு, தையல்நாயகியின் நாற்காலிக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்கிறேன். பெண்கள் வரிசையாக வந்து சொல்கிறார்கள். போன வாரம் பூர்ணிமாவின் முறை. ஒரு கலங்கரை விளக்கமும், அதில் தனியாக இருக்கும் கிழவனும், அவனிடம் வந்து சேரும் ஒற்றைக் கால் கொக்கும். நடுவில் ஓர் இடம் புரியவில்லை, திருப்பிச் சொல் என்றேன். சலித்துக்கொண்டே திருப்பிச் சொன்னாள். கொக்கு போனதா இருந்ததா என்பதற்குள் மணி அடித்துவிட்டது.

மீதியை அடுத்த புதன்கிழமை சொல்வதாகப் போய்விட்டாள். புத்தகம் என் முன்னால்தான் கிடக்கிறது. கடைசிப் பக்கத்தைப் புரட்டினால் தெரிந்துவிடும். சிவப்பு டேப்பையும் மஞ்சள் டேப்பையும் பக்கத்தில் எடுத்து வைத்துக்கொண்டு, புரட்டாமல் வைத்திருக்கிறேன்.