முக்கால் நிமிடம் பிந்தி வந்த மாடு

போகிக்கு முதல் நாள் கேபிள்காரர் சுடலை வந்து, மாடியில் தொங்கிய கறுப்பு வயரை வெட்டிச் சுருட்டினார். இருபது வருடமாக அவனியாபுரத்தில் அந்த நாலு தெருவுக்கும் அவர்தான் கேபிள் கொடுத்தார். இனிமேல் எல்லாம் இன்டர்நெட்டில் என்று சொல்லி, மெல்லிசாக ஒரு வெள்ளை வயரை உள்ளே இழுத்து, டிவிக்குப் பக்கத்தில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பெட்டியை வைத்தார்.

"பொங்கலன்னைக்கு ஜல்லிக்கட்டு தெரியுமாண்ணே?" சின்னத்தாய் கேட்டது அது ஒன்றுதான்.

"மாட்டு மேல உக்காந்த ஈ கூடத் தெரியும் தங்கச்சி."

சின்னத்தாய் சித்தாள் வேலைக்குப் போகிறவள். நாள் முழுக்கக் கலவைச் சட்டி சுமந்து கொண்டுவரும் கூலியில் பாதி ஜல்லிக்கட்டுக் காளை மயிலைக்குப் பருத்திக்கொட்டையாகவும் பேரீச்சம்பழமாகவும் போனது. அந்த வீட்டில் மனிதர் யாரும் பேரீச்சம்பழம் தின்றதில்லை. மயிலை கன்றாக வந்து ஏழு வருடம். அவள் குரல் கேட்டால் தலையைத் தாழ்த்திக்கொண்டு வரும். வேறு யாரும் தொழுவத்துக்குள் கால் வைக்க முடியாது.

ஆனால் வாடிவாசலில் போன இரண்டு வருடமும் அது பிடிபட்டுவிட்டது. அவள் புருஷன் காசிமாயன் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவன். அதிகம் பேசமாட்டான், பேசினால் செய்துவிடுவான். "இந்தத் தடவையும் பிடிபட்டுச்சுன்னா சந்தைக்கு ஓட்டிருவேன்" என்று மார்கழியிலேயே சொல்லிவிட்டான். இதற்கு முன் வளர்த்த காளையை அப்படித்தான் ஓட்டிப்போனான். கயிறு மட்டும் திரும்பி வந்தது.

மயிலை அவிழ்க்கப்படுவதை சின்னத்தாய் இதுவரை பார்த்ததில்லை. வாடிவாசல் கூட்டத்துக்குள் பெண்கள் போவதில்லை, டிவியில்தான் பார்ப்பார்கள். மயிலையின் முறை வந்ததும் அவள் கொல்லைக்குப் போய்ப் பாத்திரம் தேய்க்க உட்கார்ந்துவிடுவாள். முடிந்த பிறகு மகள் முத்துமீனா வந்து சொன்னால் எழுந்திருப்பாள். என்ன ஆகுமோ என்று தெரியாமல் பார்த்துக்கொண்டிருக்க அவளால் முடியாது.

பொங்கலன்று காசிமாயன் விடியுமுன்னே மாட்டோடு வரிசைக்குப் போய்விட்டான். அம்மாவும் மகளும் பொங்கல் வைத்து இறக்கிவிட்டு டிவி முன்னால் உட்கார்ந்தார்கள். வாடிவாசல் மூன்று தெரு தள்ளித்தான். மைக் சத்தம் வீட்டுக்கே கேட்கும்.

"மாடு பிடி மாடு! தம்பிக்கு ஒரு சைக்கிள்" என்றது மைக். டிவியில் அந்த மாடு இன்னும் வெளியே வரவில்லை.

"என்னம்மா இது, அங்க பரிசே குடுத்தாச்சு, இங்க மாட்டையே காணோம்" என்றாள் முத்துமீனா. அடுத்த மாட்டுக்கும் அப்படியே ஆனது. அவள் சுடலைக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தாள்.

"நெட்டுல முக்கா நிமிசம் பிந்தித்தேன் வரும் பாப்பா. எங்கெங்கயோ சுத்தி வருதுல்ல."

"மூணு தெரு தாண்டி வாரதுக்கு எதுக்கு மாமா ஊரைச் சுத்தணும்?"

"உங்கப்பன் ஷேர் ஆட்டோ நேராவா வருது? அவன்ட்ட கேளு, சொல்லுவான்."

பக்கத்து வீட்டு ஜாய்ஸ் டீச்சர் சுவருக்கு மேலே எட்டிப் பார்த்தார். "இங்க வந்துருங்க முத்துமீனா. எங்க வீட்டுல டிஷ்ஷு, அம்புட்டு லேட்டு ஆகாது."

முத்துமீனா எழுந்துவிட்டாள். சின்னத்தாய் அசையவில்லை. டிவியையும் வாசலையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள். இன்னும் இரண்டு மாடு போனது. ஒவ்வொரு தடவையும் மைக் முதலில் சொன்னது, படம் பின்னால் வந்தது.

"வாம்மா."

"நீ வேணா போ. எனக்கு இதுவே போதும்."

"உனக்குக் கிறுக்கா?" முத்துமீனா முனகிக்கொண்டே மறுபடி உட்கார்ந்து, மைக்கைக் கேட்கப் பிடிக்காமல் டிவி சத்தத்தைக் கூட்டி வைத்தாள்.

பத்து மணி இருக்கும். சின்னத்தாய் தெருவாசலுக்கு வந்து நின்றாள். "அடுத்து நம்ம ஊரு காசிமாயன் மாடு. முடிஞ்சவன் முன்னால நில்லு, முடியாதவன் ஓரமா நில்லு" என்றது மைக். கூட்டம் இரைந்தது. அவள் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள். சிமென்டில் காய்ப்பேறிய விரல்கள் வெளுத்துப்போயின. இரைச்சல் ஏறி, ஒரு கணம் அப்படியே நின்று, உடைந்தது.

"விட்டுட்டான், விட்டுட்டான்! மாடு வெற்றி! மாட்டுக்காரர் வந்து அண்டாவை வாங்கிக்கங்க."

சின்னத்தாய் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே வந்து டிவிக்கு நேர் எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். பக்கத்தில் கிடந்த கரும்புத் துண்டை எடுத்துக் கடித்தாள்.

"நம்ம மாடு இப்ப வரும்மா, நீ கொல்லைக்குப் போகலையா?" என்றாள் முத்துமீனா பதறி.

"நவுரு, மறைக்காத."

மயிலை வெளியே வந்தது. வாசலிலேயே ஒருவன் பாய்ந்து திமிலைக் கட்டிக்கொண்டான். மாடு சுழன்றது. அவன் கால்கள் காற்றில் வீசின, கை விடவில்லை. முத்துமீனா இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். எத்தனை முறை தடவிய திமில் அது. இத்தனை அழகாக அது துள்ளும் என்று சின்னத்தாய்க்கு இதுவரை தெரியாது. கரும்பை மென்றுகொண்டே சிரித்தாள்.

போன் அடித்தது. கண்ணை எடுக்காமலே எடுத்துக் காதில் வைத்தாள். காசிமாயனுக்கு மூச்சு வாங்கியது.

"ஏ, நம்ம மயிலை..."

"செத்த சும்மா இருய்யா. இவன் இன்னும் தொங்கிக்கிட்டுத்தேன் இருக்கான்."