அப்பாக்கள் கரையில் இருக்கும் மாதம்

செருப்பைக் கழற்றும்போதே கத்த ஆரம்பித்துவிட்டேன்.

"பதிவேட்டுல பத்தொம்பது பேரு இருக்கு. இங்க எண்ணிப் பாரு, நாலு. நாலு பிள்ளைய வச்சிகிட்டு என்ன பண்ற மாரிக்கண்ணு, பல்லாங்குழி ஆடுறியா?"

மாரிக்கண்ணு எனக்கு நாற்காலியை இழுத்துப் போட்டாள். அவள் வழக்கம் அது. நான் கத்தி முடிக்கிறவரை காத்திருப்பாள். காரைக்கால் கடற்கரைப் பக்கம் பதினெட்டு அங்கன்வாடி மையங்களுக்கு நான் மேற்பார்வையாளர். பதினேழு மையங்களுக்கு நான் வண்டியை எடுப்பதற்குள் போன் போய்விடும். நான் போய் இறங்கும்போது பாய் விரித்து, பிள்ளைகளுக்குப் பவுடர் போட்டு, பாட்டுப் பாடத் தயாராக நிறுத்தியிருப்பார்கள். கிளிஞ்சல்மேட்டுக்குப் போகிற வழியில் சுனாமிக்குப் பிறகு கட்டிக்கொடுத்த குடியிருப்பில் இருக்கும் இந்த மையத்தில் மட்டும் என்ன இருக்கிறதோ அதுதான் இருக்கும். அதனாலேயே எனக்கு மாரிக்கண்ணுவைப் பிடிக்கும். அதனாலேயே அவளிடம்தான் அதிகம் கத்துவேன்.

இருந்த நாலு பிள்ளைகளில் ஒன்று தூங்கிக்கொண்டிருந்தது. இன்னொன்று மூக்கில் விரலை விட்டபடி என்னையே பார்த்தது. "டீச்சர், இந்தம்மாவுக்கு வயித்து வலியா?" என்று கேட்டது.

கத்தியதற்குக் காரணம் இருந்தது. ஏப்ரல் மாதத்தில் தினசரி வருகை சராசரியாகப் பன்னிரண்டுக்குக் கீழே போகும் மையங்களை மூடி, பக்கத்து மையத்தோடு சேர்க்கும்படி மேலிடத்திலிருந்து உத்தரவு வந்திருந்தது. இவர்களுக்குப் பக்கத்து மையம் என்பது மெயின் ரோட்டுக்கு அந்தப் பக்கம். அந்த ரோட்டில் லாரிகள் போகிற வேகத்துக்கு நானே இரண்டு முறை பார்த்துத்தான் கடப்பேன். மூன்று வயதுப் பிள்ளையை அங்கே யார் அனுப்புவார்கள்? மையம் போனால் இந்தப் பிள்ளைகளுக்குப் பாட்டும் இல்லை, சுண்டலும் இல்லை, மாதா மாதம் எடை பார்ப்பதும் இல்லை. வெள்ளிக்கிழமை ஆய்வுக்கு அதிகாரி வருகிறார். அன்று செவ்வாய்க்கிழமை.

"தடைக்காலம் மேடம்" என்றாள் மாரிக்கண்ணு. "அப்பாருங்க எல்லாம் கரையில இருக்காங்க. பிள்ளைய விட மாட்டேங்கிறாங்க."

"இதையேதான் வருஷா வருஷம் சொல்ற."

"வருஷா வருஷம்தானே மேடம் தடைக்காலம் வருது."

அது என்னவோ உண்மைதான். மீன் குஞ்சு பொரிக்கிற காலம் என்று ஏப்ரல் பதினைந்திலிருந்து அறுபத்தொரு நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. பதிவேட்டைப் புரட்டினேன். ஏப்ரல் முதல் பாதியில் தினமும் பதினாறு, பதினேழு. பதினைந்தைத் தாண்டியதும் ஐந்து, நாலு, மூன்று. கத்தியால் வெட்டியது மாதிரி இருந்தது. இதை நான் போன வருஷமும் பார்த்திருக்கிறேன், அதற்கு முந்தின வருஷமும் பார்த்திருக்கிறேன். அப்பா வீட்டில் இருந்தால் பிள்ளை ஏன் அங்கன்வாடிக்கு வராது என்பதுதான் எனக்கு ஏறவில்லை. நான் திருநள்ளாற்றுப் பக்கம் விவசாயக் குடும்பம். எங்கள் வீட்டில் அப்பா எப்போதும் இருந்தார். அவர் எப்போது வயலுக்குக் கிளம்புவார், நாம் எப்போது வாய்விட்டுச் சிரிக்கலாம் என்று காத்திருந்து வளர்ந்தவள் நான்.

"வா, எங்க இருக்கானுங்கன்னு காட்டு. நான் பேசிக்கிறேன்" என்று எழுந்தேன்.

படகுகள் ஏற்றி நிறுத்தியிருந்த இடத்தில், ஒரு படகின் நிழலில் உட்கார்ந்திருந்தான் புகழேந்தி. முப்பது வயதிருக்கும். அவன் மடியில் அவன் மகள் நித்யஸ்ரீ. எங்கள் பதிவேட்டில் ஏழாம் எண். அவளுக்கு ஜடை பின்னிக்கொண்டிருந்தான். வலை முடிகிற கை, அதனால் ஜடை முடிவில் ரிப்பனுக்குப் போட்டிருந்த முடிச்சை இனி கத்தரிக்கோல் வைத்துத்தான் அவிழ்க்க வேண்டும். அந்தப் பிள்ளை அசையாமல், பெரிய மனுஷி மாதிரி உட்கார்ந்திருந்தது. சுற்றிலும் இதே கூத்துதான். ஒருவன் மகனைத் தோளில் வைத்துக்கொண்டு வலையைப் பார்த்துக்கொண்டிருந்தான். இன்னொருவன் பக்கெட்டில் தண்ணீர் வைத்துப் பிள்ளையைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தான். சோப்பு முழுக்க அவன் மேலேயே இருந்தது.

"ஏம்ப்பா, பிள்ளைய ஏன் அனுப்பல? மூணு மணி நேரம் விட்டா தேஞ்சா போயிடும்?" என்றேன்.

புகழேந்தி எழுந்து நிற்கப் பார்த்தான். மகள் விடவில்லை.

"நாங்க போட்டுல போனா பத்து நாளு மேடம். வந்து மீன எறக்கி, ஐஸ் ஏத்திட்டு மறுபடி போயிடுவோம். நான் வர்றப்ப இது தூங்கும், போறப்பயும் தூங்கும். போன வருஷம் தடைக்காலம் ஆரம்பிச்சப்ப என்னைப் பாத்து அழுதுச்சு. யாரோ ஒரு ஆளு வீட்டுக்குள்ள வந்துட்டான்னு. இந்த வருஷம் அழுவல." ரிப்பனை இன்னொரு முறை இழுத்துப் பார்த்தான். "இதை உங்ககிட்ட அனுப்பிட்டு நான் மட்டும் வீட்டுல இருந்து என்னங்க பண்றது?"

திரும்பி நடந்தேன். மாரிக்கண்ணு பின்னாலேயே வந்தாள்.

"மேடம், அப்பாருங்களையும் சேத்துக் கூப்புடட்டா?"

"அங்கன்வாடியிலயா? பெரிய ஆம்பளைங்களையா? ரூல்ஸ்ல இருக்கா?"

"இருக்கான்னு தெரியலங்க. இல்லேன்னும் எங்கயும் எழுதல."

யோசித்தேன். "வெள்ளிக்கிழமைக்குக் கூப்புடு. கேட்டா நான் சொல்லிக்கிறேன்" என்றேன்.

வெள்ளிக்கிழமை காலையில் நான் போனபோது வாசலில் செருப்பு வைக்க இடமில்லை. உள்ளே பதினெட்டுப் பிள்ளைகள், பதினான்கு அப்பாக்கள். பிள்ளைகள் உட்காரும் குட்டிப் பாய்களில் ஒவ்வொருவரும் காலை எங்கே வைப்பது என்று தெரியாமல் மடக்கி உட்கார்ந்திருந்தார்கள். மாரிக்கண்ணு பாட்டுச் சொல்லிக்கொடுக்க, அப்பாக்கள் திருப்பிப் பாடினார்கள்; எல்லாம் புயலில் பேசிப் பழகிய குரல், கூரை அதிர்ந்தது. ஒருவன் வரியை மறந்து வாயை மட்டும் அசைத்தான். பக்கத்தில் இருந்த அவன் மகன் அவன் தொடையில் ஓர் அடி போட்டு, "ஒழுங்கா பாடுப்பா" என்றான். நித்யஸ்ரீ மட்டும் பாடவில்லை. இது என் அப்பா, இது என் அப்பா என்று எல்லாரிடமும் காட்டிக்கொண்டிருந்தாள். சிரித்துச் சிரித்து எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. சரி, பிழைத்தோம் என்று நினைத்துக்கொண்டேன்.

பத்தரைக்கு அதிகாரி வந்தார். பெயர் எழில்மதி. என்னைவிட இருபது வயதாவது சின்னவர். அப்பாக்களைப் பார்த்துப் புருவத்தைத் தூக்கினார். பிள்ளைகளை ஒவ்வொன்றாக எண்ணினார். எடை அட்டைகளைப் பார்த்தார். எல்லாம் சுத்தமாக இருந்தன. கடைசியில் பதிவேட்டைத் திறந்தார்.

"இன்னிக்கு பதினெட்டு. நேத்து எத்தனை பேரு?"

"அஞ்சுங்க" என்றாள் மாரிக்கண்ணு.

அவளைக் கிள்ள வேண்டும் போல் இருந்தது.

"பதினஞ்சாம் தேதிக்கு அப்புறம் எல்லா நாளும் இப்படித்தான் இருக்கு. சராசரி பத்தரைதான் வருது." எழில்மதி பையிலிருந்து பழைய ஆய்வுக் கோப்பு ஒன்றை எடுத்தார். "இது இந்த வருஷம் மட்டும் இல்ல. நாலு வருஷத்து ஆய்வுக் குறிப்பு இருக்கு. வாசிக்கிறேன், கேளுங்க. ‘வருகை குறைவு. காரணம்: பணியாளரின் கவனக்குறைவு. எச்சரிக்கப்பட்டார்.’ நாலு வருஷமும் அதே வார்த்தை. மையத்தை மூடுறது ஒரு பக்கம் இருக்கட்டும். நாலு தடவை எச்சரிச்ச பணியாளரை அடுத்த மையத்துல எடுத்துக்கவும் முடியாது. எழுதினது சந்திரலேகா. நீங்கதானே?"

நான்தான்.

அந்தக் குறிப்பை எப்படி எழுதினேன் என்பது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. பதினெட்டு மையங்களுக்கும் ஒரே மத்தியானத்தில் உட்கார்ந்து எழுதுவேன். காரணம் என்ற கட்டம் விரல் அகலம்தான். தடைக்காலம், பத்து நாள் கடல், அப்பாவைப் பார்த்து அழுகிற பிள்ளை, இதெல்லாம் அதில் எங்கே அடங்கும்? கவனக்குறைவு என்றால் அடங்கிவிடும். அவள் காரணத்தைச் சொல்லாமல் இல்லை. நாலு வருஷமும் சொன்னாள். அதைச் சாக்கு என்று நினைத்து நான் தள்ளிவிட்டேன்.

எழில்மதி கோப்பை மாரிக்கண்ணு பக்கம் திருப்பினார். "கீழ உங்க கையெழுத்து இருக்கு. படிச்சுப் பாத்துட்டுத்தான் போட்டீங்களா?"

மாரிக்கண்ணு எட்டிப் பார்த்தாள். அவள் கையெழுத்துதான், நாலு இடத்திலும் சாய்வாக, அழகாக இருந்தது.

"படிக்கலீங்க" என்றாள். "மேடம் எழுதுனாங்க, போட்டேன். அவங்க கத்துவாங்க, ஆனா எனக்குக் கெட்டது எழுத மாட்டாங்க."

என்மேல் குறை சொல்வதுபோல் அவள் சொல்லவில்லை. பெருமையாகச் சொன்னாள். அதிகாரியிடம் என்னைக் காப்பாற்றுகிறாளாம். அந்த இடத்தில் பூமி பிளந்து என்னை உள்ளே இழுத்துக்கொண்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"அது பொய்" என்றேன்.

"எது?"

"நான் எழுதினது. நாலு வருஷமும் பொய்தான் எழுதியிருக்கேன். கவனக்குறைவு எனக்குத்தான், இவளுக்கு இல்ல."

எழில்மதி என்னைக் கூர்ந்து பார்த்தார். "இதை எழுத்துல குடுப்பீங்களா? குடுத்தா விளக்கம் கேட்டு உங்களுக்கு மெமோ வரும். இத்தனை வருஷ சர்வீஸ்ல அது நிக்கும்."

"பேப்பர் குடுங்க."

பிள்ளைகளின் குட்டி மேசையில் வைத்து எழுதினேன். கட்டம் கிடையாது, வெறும் வெள்ளைத் தாள். விசைப்படகு எத்தனை நாள் கடலில் நிற்கும் என்று எழுதினேன். தடைக்காலம் எந்தத் தேதியில் தொடங்குகிறது, அதற்கு முன்னாலும் பின்னாலும் வருகை எவ்வளவு என்று மாதம் மாதமாக எழுதினேன். புகழேந்தி சொன்னதை அவன் சொன்ன மாதிரியே எழுதினேன். பணியாளர் நாலு வருஷமும் காரணம் சொன்னார், நான் கேட்கவில்லை என்று எழுதினேன். ஒன்றரைப் பக்கம் வந்தது. நடுவில் நித்யஸ்ரீ வந்து மேசையில் கை வைத்து, அழாதே என்பதுபோல் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். அப்போதுதான் நான் அழுகிறேன் என்று எனக்கே தெரிந்தது.

எழில்மதி நின்றபடியே முழுவதையும் வாசித்தார். இரண்டாம் பக்கத்தில் நின்று, திரும்ப முதல் பக்கத்துக்குப் போனார்.

"தடைக்கால நாளை எல்லாம் கழிச்சா சராசரி பதினாறரை. மூடுற பட்டியல்லயே இந்த மையம் வராது. கழிச்சுத்தான் பாக்கணும்னு நான் எழுதுறேன், இதையும் கூட வைக்கிறேன். மூட மாட்டாங்க" என்றார். பிறகு தாளை என்னிடமே நீட்டினார். "கீழ டீச்சர் கையெழுத்தும் வாங்கிக் குடுங்க."

மாரிக்கண்ணு பேனாவை வாங்கினாள். குனிந்தாள். நேராகத் தாளின் அடிக்குப் போனாள்.

"ஏய்!" என்று கத்தினேன். தூங்கிக்கொண்டிருந்த ஒரு பிள்ளை விழித்துவிட்டது. "இவ்வளவு ஆன பின்னாலயும் படிக்காம போடுறியே, உனக்கு அறிவு இருக்கா? படிச்சிட்டுப் போடுடி!"

"நீங்க அழுதுகிட்டே எழுதுனீங்க மேடம்" என்றாள் அவள். "அதுல எனக்குக் கெட்டதா எழுதியிருக்கப் போறீங்க?"

சாய்வாக, அழகாக, கையெழுத்தைப் போட்டுவிட்டாள்.