செல்லாக்காசின் நீல விளிம்பு

என் மனைவியின் அண்ணனுக்குக் குடும்பத்தில் வைத்த பெயர் செல்லாக்காசு. புழக்கத்திலிருந்து போன நாணயங்களைச் சேர்ப்பவர் என்பதால் வந்த பெயர். வேறு காரணம் எதுவும் இல்லை என்று அவர் முகத்துக்கு நேரேயே சொல்லியிருக்கிறோம். எனக்கு மச்சான். கண்ணுக்குள் நரம்பு தேய்கிறது, அறுவை செய்தாலும் பயனில்லை, நிறங்களில் முதலில் நீலம்தான் போகும் என்று டாக்டர் சொன்ன மறுநாள் காலையிலேயே என் வீட்டுக்கு வந்தார். சட்டைப் பையிலிருந்து ஒரு காகித உறையை எடுத்து மேசைமேல் வைத்தார்.

“மாப்ளே, இதப் பெருசா ஒரு படம் புடிச்சுக் காட்டுங்க. அந்த நீலத்த ஒரு தடவை நல்லாப் பாத்துக்கறேன். அப்புறம் எது போனாலும் போகட்டும்.”

உள்ளே ராஜா தலை பொறித்த ஒரு பழைய வெள்ளி நாணயம். ஒரு ஆயுசு முழுக்கக் காகிதத்துக்குள் கிடந்ததில் அதன்மேல் தானாக நிறம் ஏறியிருந்தது. நடுவில் தேன் நிறம், சுற்றிலும் செம்பு, பிறகு ஊதா, விளிம்பில் மெல்லிய வளையமாக நீலம். பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால் அவருக்கு இப்போது புகைதான் தெரிகிறதாம். கம்ப்யூட்டர் திரை நிறையக் காட்டினால் தெரியலாம் என்பது அவர் கணக்கு.

நான் ஸ்டுடியோ வைத்திருந்தவன். நான் எடுத்த பாஸ்போர்ட் படத்தைப் பார்த்து எல்லைக் காவலர் ஒருவர் தேம்பித் தேம்பி அழுதிருக்கிறார். நிலக்கரிக் கிடங்கில் படுத்திருந்த கறுப்புப் பூனையை நான் எடுத்த படத்தில், அது முந்தின நாள் என்ன சாப்பிட்டது என்பது வரை தெரியும். ஒரு காசு எனக்கு எம்மாத்திரம் என்று நினைத்தேன்.

ஜன்னலைச் சாத்தி, கேமராவை ஸ்டாண்டில் குப்புறத் தொங்கவிட்டேன். விளக்கைப் பக்கத்திலிருந்து அடித்தால் ராஜாவின் மூக்கும் மீசையும் புடைத்து வந்தன. நிறம் வரவில்லை, காசு அலுமினியச் சட்டி மாதிரி இருந்தது. மேலிருந்து அடித்தால் கேமராவின் நிழல் ராஜாவுக்குக் குல்லாய் மாட்டியது. காசைக் கொஞ்சம் சாய்த்தால் ஒரு பக்கம் நீலம் எட்டிப் பார்த்தது, மறுபக்கம் ராஜாவின் கன்னம் மங்கிப் போயிற்று. இந்த மாதிரி நிறம், வெளிச்சம் வந்த வழியே திரும்பிப் போனால்தான் கண்ணில் படும். குனிந்து குனிந்து முதுகு கெஞ்சியது. பல்புக்கே அலுத்துவிட்டது; அது கொட்டாவி விட்டதை நான் பார்த்தேன்.

“படம் எடுக்கறீங்களா, காசுக்கு ஆபரேஷன் பண்றீங்களா?” என்றாள் மனைவி, டீயை வைத்தபடி.

“உன் அண்ணன் காசு அவர மாதிரியேதான் இருக்கு. எந்தப் பக்கம் திருப்பினாலும் மூஞ்சிய உம்முன்னு வச்சிக்குது.”

“நான் முழிச்சுட்டுத்தான் இருக்கேன்,” என்றார் மச்சான், நாற்காலியில் கண்ணை மூடியபடியே.

மதியத்துக்கு மேல், சுவரில் இருந்த எங்கள் கல்யாணப் படத்தின் கண்ணாடியைக் கழற்றினேன்.

“அடுத்தது என்னத்தக் கழட்டப் போறீங்க, கதவையா?” என்றாள்.

அந்தக் கண்ணாடியைக் கேமராவுக்கும் காசுக்கும் நடுவே சாய்வாக நிறுத்தி, விளக்கைப் பக்கவாட்டில் வைத்தேன். வெளிச்சம் கண்ணாடியில் பட்டு நேர் கீழே காசில் இறங்கி, அப்படியே மேலேறிக் கேமராவுக்குள் போயிற்று. கேமராவோடு கோத்திருந்த கம்ப்யூட்டர் திரையில் காசு விழித்துக்கொண்டது. கீழே இருந்த காசையும் திரையிலிருந்த படத்தையும் மாறி மாறிப் பார்த்தேன். இம்மி பிசகவில்லை. முதுகை எங்காவது சாய்த்தால் போதும் என்றிருந்தது.

மச்சானைக் கைப்பிடித்துத் திரை முன்னால் உட்கார வைத்தோம். மூக்கு இடிக்கும் அளவுக்கு நெருங்கிப் பார்த்தார்.

“தேன் இருக்கு. செம்பு இருக்கு.” விளிம்பை விரலால் சுற்றித் தடவினார். “இங்க என்ன அழுக்கா இருக்கு? நீலம் எங்க மாப்ளே?”

விரல் நீலத்தின் மேல்தான் இருந்தது. மனைவி என்னைப் பார்த்தாள். நான் விளக்கைப் பார்த்தேன்.

“வெளிச்சம் சரியா விழல மச்சான். இருங்க, மாத்தி வைக்கறேன்.”

“வைங்க. ஆனா கம்ப்யூட்டர்ல சாயம் கீயம் ஏத்திடாதீங்க, அந்தத் திருட்டுப் பயலுக மாதிரி.”

படத்தில் நிறத்தைக் கூட்டிக் காட்டிக் காசு விற்பவர்களைத்தான் சொன்னார். மச்சானிடம் வசவு வாங்கிய ஒருவன் அந்தத் தொழிலையே விட்டு முட்டை விற்கப் போனான். முட்டையில் யாரும் நிறம் கேட்க மாட்டார்கள் என்பதால்.

இடது கையால் விளக்கை நகர்த்திச் சத்தம் எழுப்பினேன். வலது கையால், கம்ப்யூட்டரில் நீலத்தைக் கொஞ்சம் கூட்டினேன்.

“வரல,” என்றார்.

மறுபடி விளக்கைத் தட்டினேன், மறுபடி கூட்டினேன். “வரல.” கை கடுத்தது. இன்னும் கூட்டினேன். மனைவி என் காதருகே வந்தாள். “என்னங்க இது, காசு மை பாட்டில்ல விழுந்த மாதிரி இருக்கு!”

“பேசாம இரு.”

கூட்ட இனி இடமில்லை என்ற எல்லைக்குப் போனபோது மச்சானின் விரல் நின்றது.

“இதான்,” என்றார். திரையின் நீலம் அவர் நெற்றியிலும் நரைத்த புருவத்திலும் படிந்திருந்தது. பிறகு திரும்பாமலே தங்கையைக் கேட்டார். “நீ பக்கத்துலயே இருந்தியேம்மா. இவர் சாயம் எதுவும் ஏத்தலையே?”

பிறந்ததிலிருந்து அண்ணனிடம் பொய் சொல்லாதவள் அவள். எல்லாப் பொய்களையும் எனக்காகச் சேர்த்து வைத்திருந்தாள்.

“விளக்கைத்தாண்ணே நகத்தினாரு. கை வலிக்குதுன்னு இப்பவே மூஞ்சி போற போக்கப் பாரு.”

“அப்பச் சரி. பெருசா அச்சடிச்சுக் குடுங்க மாப்ளே. என் ரூம்ல மாட்டி வைக்கறேன். காசு சேக்கறவனெல்லாம் வந்து பாக்கட்டும், படம்னா எப்படி எடுக்கணும்னு.”

மாட்டினார். பார்க்கவும் வருகிறார்கள். மச்சான் அறை மூன்றாம் மாடியில், லிஃப்ட் கிடையாது. நான் இரண்டாம் மாடிப் படியில் உட்கார்ந்து, ஏறி வருகிறவர்களை மறித்து, விஷயத்தைச் சொல்லி, அதன் பிறகே மேலே விடுகிறேன். மச்சானோடு சண்டை போட்டுப் பேச்சை நிறுத்தியவர்கள்கூட உள்ளே போய் “அபாரம்” என்கிறார்கள்.

நேற்று வந்த ஒருவர் கீழே இறங்கும்போது என் முன்னால் நின்றார்.

“அதுக்காக இவ்வளவு நீலமாய்யா?”

“அதுக்குக் கீழ எறக்கினா அவருக்குத் தெரியல,” என்றேன்.

நான் சுவரோரம் ஒதுங்கி இடம் விட்டேன். அவரும் முழங்காலைப் பிடித்தபடி என் பக்கத்தில் மெதுவாக உட்கார்ந்தார்.