பிரெஞ்சில் தொண்ணூற்றாறு

தமிழை விட்டுப் பிரெஞ்சு எடுத்தால் மார்க் கொட்டும் என்றார்கள் காலேஜில். சத்யப்பிரியாவும் எடுத்தாள். அர்த்தம் யாருக்கு வேண்டும்? சுங்குவார்சத்திரம் பஸ்ஸில் கம்பியைப் பிடித்தபடி ப்ளுபெர்ஃபெக்ட் சப்ஜங்டிவை உருப்போட்டாள். 'வந்திருந்தால், போயிருந்தால்' என்கிற அந்த வடிவத்தைப் பிரான்ஸிலேயே யாரும் பேசுவதில்லையாம். பேசாவிட்டால் என்ன, பரீட்சையில் கேட்கிறார்களே! தொண்ணூற்றாறு வாங்கினாள்.

அந்த மார்க்கைப் பார்த்துத்தான் ஸ்ரீபெரும்புதூர் பக்கத்து கம்பெனி ஒன்றில் டைப்பிஸ்ட் வேலை கொடுத்தார்கள். 1991-இல் தகடு அழுத்தும் புது பிரஸ் மெஷினை ஓட்டிக் காட்ட ஒரு பிரெஞ்சுக்காரர் வந்தபோது, மொழிபெயர்க்க அவளை நிறுத்தினார் மேனேஜர்.

மெஷின் ஓடியது. சிக்கிய தகட்டை எடுக்க பிட்டர் ஜீவானந்தம் உள்ளே கையை விட்டார்.

"அரெத்தே! அரெத்தே!" பிரெஞ்சுக்காரர் அலறினார்.

எல்லோரும் சத்யப்பிரியாவைப் பார்த்தார்கள். அது வினைச்சொல் என்பது வரைக்கும் தெரிந்தது; 'நிறுத்துங்கள்' என்று அர்த்தம் என்பது தெரியவில்லை. பேப்பர் கொடுத்தால் ஆறு வடிவமும் எழுதிவிடுவாள். மனசு வாய்ப்பாட்டை முதல் வரியிலிருந்து ஒப்பிக்கத் தொடங்கியது. பிரஸ் இறங்கிக்கொண்டிருந்தது.

படாரென்று சிவப்பு சுவிட்சை அறைந்தார் ஆபரேட்டர் கோதண்டம். ஜீவானந்தத்தின் கைக்கு நாலு விரல் மேலே பிரஸ் நின்றது.

மேனேஜர் முகத்தைத் துடைத்துக்கொண்டு, சத்யப்பிரியா சொல்லித்தான் மெஷின் நின்றது என்று நினைத்து அவளைப் பார்த்தார். "நல்லவேளை! நீ மட்டும் இல்லாம இருந்திருந்தா அவர் கை போயிருக்கும்மா."

கோதண்டம் அவளிடம் திரும்பினார். "அந்த வெள்ளக்காரரு மூஞ்சியப் பாத்து நானா நிறுத்திட்டேன். இன்னாம்மா சொன்னாரு?"

"தெரியலண்ணே" என்றாள், மேனேஜர் காதில் விழும்படியே.